பிடிஎஃப் இருக்கா அண்ணே?

சேத்தியாத்தோப்புப் பக்கம் நம்ம தெருப் பிள்ளைகள் என்னைப் பார்த்தால் கேட்பது இதைத்தான். புத்தகம் இருக்கான்னு கேட்பதில்லை. ‘இது திருட்டு இல்லையா?’ என்று படித்த நண்பர்கள் முகம் சுளிக்கிறார்கள். வேதத்தைக் கேட்டால் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்று என்று எழுதி வைத்த நாட்டில், எழுத்துக்கு வேலி போடும் பேச்சை நான் சந்தேகத்தோடுதான் கேட்பேன்.

‘சாதி ஒழிப்பு’ உரையை அம்பேத்கர் 1936ல் தானே அச்சிட்டார். 1500 படிகள் இரண்டு மாதத்துக்குள் தீர்ந்துபோச்சு. 1956ல் இறந்தார். பழைய 50 ஆண்டுக் கணக்குப்படி 2006 முடிவோடு அவர் எழுத்து எல்லோருக்கும் பொதுவாகியிருக்கணும். தாகூர் நூல்களின் உரிமை முடியப்போகுதுன்னு 1992ல் சட்டத்தைத் திருத்தி 60 ஆக்கினார்கள். நாம் 2016 முடியும்வரை காத்திருந்தோம். பெரியாரின் ‘குடிஅரசு’ எழுத்துகளைத் தொகுத்து வெளியிடவும் கோர்ட் வரை போகவேண்டி வந்தது. தடை கேட்ட மனுவை 2009ல் சென்னை உயர்நீதிமன்றம் தள்ளியது.

செத்தவர்கள் விஷயத்தில் எனக்குக் குழப்பமில்லை. உயிரோடு இருக்கும் நம்ம ஆள் ஒருத்தர், பொண்டாட்டி தோட்டை அடகு வைத்து 300 படி போடுகிறார். ரெண்டாவது வாரமே அது வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது. அம்பேத்கரை அனுப்பிய அதே விரல்தான் இதையும் தள்ளிவிடுகிறது. ரெண்டும் ஒன்னா? பெரிய பதிப்பகத்துக்கு இது கொசுக்கடி. இவருக்கோ அடுத்த புத்தகமே கிடையாது.

ஆனாலும் பிள்ளைகளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. நெய்வேலிப் புத்தகக் கண்காட்சிக்குப் போய், புரட்டிப் பார்த்து, விலையைப் பார்த்து வைத்துவிட்டு வந்த பிள்ளைகள் அவர்கள். நடவுக்குப் போகிற வீட்டில் 400 ரூபாய்க்குப் புத்தகம் யார் வாங்குவது? சரி, நூலகம் எதுக்கு இருக்கு? சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் 1948லேயே வந்தாச்சு. வீட்டு வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரி. சேரி வீடும் சேர்த்துத்தான் கட்டுது. அந்தக் காசில் வாங்கிய அலமாரியில் நம்ம எழுத்து எத்தனை இருக்குன்னு உங்க ஊரில் போய் எண்ணிப் பாருங்க. நூலக ஆணை கிடைத்திருந்தால் அந்த 300 படிக்காரரின் தோடு திரும்பியிருக்கும், பிள்ளைக்கும் இலவசமாப் படிக்கக் கிடைத்திருக்கும். களவு எங்கே நடக்குதுன்னு அங்கேதான் தேடணும். நூலகரிடம் எழுதிக் கொடுத்து, ஏன் வரலைன்னு திரும்பத் திரும்பக் கேட்க வேண்டியிருக்கு.

அதுவரைக்கும் எட்டுப் பேர் ஆளுக்கு 50 ரூபாய் போட்டு ஒரு படி வாங்குகிறோம். போன முறை வாங்கியது மூணு தெரு சுற்றி, அட்டை போய், இன்னும் என் கைக்கு வரவில்லை.