நடக்கிற வேகத்தில்

பி.எம்.டபிள்யூ ஆர் 1250 ஜி.எஸ். வண்டியின் எடை 249 கிலோ. இரண்டு ஸ்ப்ளெண்டர்களைச் சேர்த்து நிறுத்தினாலும் அந்த எடை வராது. பெட்டி, கூடாரம், தண்ணீர், ஓட்டுகிறவர் என்று எல்லாம் ஏறினால் 350 கிலோவைத் தாண்டிவிடும். இப்படிப்பட்ட வண்டியோடு ஆஃப்ரோடு பழக வருகிறவர்கள், முதல் நாளே மேடு ஏற வேண்டும், மணலில் பறக்க வேண்டும் என்ற ஆசையோடுதான் வருவார்கள். நான் அவர்களுடைய வண்டியை மெல்லத் தரையில் படுக்க வைத்துவிட்டு, தூக்கி நிறுத்தச் சொல்வேன்.

அதில் தோளுக்கு அதிக வேலை இல்லை. முதலில் இன்ஜினை நிறுத்தி கியரில் போட வேண்டும்; இல்லாவிட்டால் நிமிர்ந்தவுடன் வண்டி உருளும். வலப்பக்கம் விழுந்திருந்தால் சைடு ஸ்டாண்டை முன்கூட்டியே நீட்டி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் நிமிர்ந்த வேகத்திலேயே இடப்பக்கம் சாய்ந்துவிடும். பிறகு ஹேண்டில்பாரைத் தரைப்பக்கம் முழுக்க ஒடித்து, வண்டிக்கு முதுகைக் காட்டி, சீட்டின் விளிம்பில் இடுப்பை அண்டக் கொடுக்க வேண்டும். ஒரு கை ஹேண்டில்பாரில், இன்னொரு கை பின்பக்கக் கம்பியில். முதுகை நேராக வைத்துக்கொண்டு, பின்னோக்கிச் சின்னச் சின்ன அடியாக எடுத்து வைத்தால் தொடைகள் வண்டியைத் தூக்கிவிடும். உடல்பலம் உள்ளவர்கள்தான் இதில் திணறுவார்கள். குனிந்து நின்று இரு கையாலும் இழுப்பார்கள். அன்று மாலையே இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

ஏன் இதிலிருந்து தொடங்க வேண்டும்? பெரிய வண்டியில் மண்ணுக்கு வருகிறவரின் பயம் முக்கால்வாசி, 'விழுந்தால் என்ன செய்வேன்' என்பதுதான். அந்தப் பயம் கையை இறுக்கும், தோளைத் தூக்கும், பார்வையை முன்சக்கரத்துக்குக் கீழே இழுக்கும். இந்த மூன்றும்தான் வண்டியைக் கீழே தள்ளுகின்றன. தன் வண்டியைத் தானே நிமிர்த்த முடியும் என்று உடம்புக்குத் தெரிந்துவிட்டால், அடுத்த பாடத்தில் தோள் தானாக இறங்குவதைக் கண்ணால் பார்க்கலாம்.

ஐந்தடி உயரமுள்ள ஒரு பெண் ஒருமுறை பயிற்சிக்கு வந்தார். தொழில் பல் மருத்துவம். அந்த ஜி.எஸ். வண்டியின் சீட் 850 மில்லிமீட்டர் உயரம்.

"அண்ணா, எனக்குக் கால் எட்டவே எட்டாது. நின்ன இடத்துலயே சாஞ்சிடுவேன்."

"ஒரு கால் நுனி எட்டுனா போதும்மா. இடுப்பை ஒரு பக்கமா நகர்த்தி உக்காருங்க. ஓடுற வண்டிக்குக் கால் வேண்டாம்."

அன்று மதியத்துக்குள் அந்தக் கூட்டத்தில் நிதானமாக ஓட்டியவர் அவர்தான். காலை நம்ப முடியாது என்பதால் அவர் கிளட்சை நம்பினார். உயரமானவர்கள் வண்டி கொஞ்சம் ஆடினாலும் இரண்டு காலையும் துடுப்புப்போல நீட்டிவிடுவார்கள். மண்ணில் அது ஆபத்து. பக்கவாட்டில் அலுமினியப் பெட்டி மாட்டிய வண்டியில், ஊன்றிய கால் தரையில் நிற்கும். வண்டி முன்னால் போகும். பின்னால் வரும் பெட்டி கெண்டைக்காலில் ஏறி எலும்பை முறிக்கும். இந்தத் துறையில் அதிகம் கேள்விப்படுகிற காயங்களில் இது ஒன்று. கரடுமுரடான வழிக்குப் போகிறவர்களை, அலுமினியப் பெட்டியைக் கழற்றிவிட்டுத் துணிப்பை மாட்டும்படி நான் கெஞ்சாத குறையாகச் சொல்வதற்குக் காரணம் இதுதான். முழங்கால்வரை வருகிற, பக்கிள் போட்ட கனமான பூட்ஸும் அதே காரணத்துக்காகத்தான்.

தூக்கக் கற்ற பிறகு நடக்கக் கற்க வேண்டும். நான் வண்டிக்குப் பக்கத்தில் நடப்பேன். என்னை முந்தக் கூடாது, காலையும் கீழே வைக்கக் கூடாது. முதல் கியர், ஹாஃப் கிளட்ச், ஆக்ஸிலேட்டர் சீராக, பின் பிரேக்கை லேசாக அழுத்தியபடி. இன்ஜின் தள்ள, பிரேக் தடுக்க, இரண்டுக்கும் நடுவில் வண்டி இழுத்துக்கட்டியதுபோல நிற்கும். இதைச் சலிப்பான பயிற்சி என்று நினைக்கிறவர்கள் உண்டு. என் அனுபவத்தில் பெரிய வண்டியின் கலை முழுவதும் இங்கேதான் இருக்கிறது. நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் சக்கரங்களின் சுழற்சியும் ஸ்டீரிங்கின் அமைப்பும் சேர்ந்து வண்டியைத் தாங்கிக்கொள்ளும். ஓட்டுகிறவருக்கு என்ன தெரியாது என்பதை வேகம் மறைத்துவிடும். நடக்கிற வேகத்தில் அந்த உதவி இல்லை. எல்லாம் நம்முடைய இடது கை இரண்டு விரலிலும் வலது பாதத்திலும்தான். இங்கே ஓட்டத் தெரிந்தவருக்கு வேகம் பின்னால் தானாக வரும். வேகத்தில் மட்டும் பழகியவர் ஒரு குறுகலான சேற்று வளைவில் நின்றுபோவார். (2013க்கு முந்தைய, காற்றில் குளிரும் ஜி.எஸ். வண்டிகளில் எண்ணெயில்லாத உலர் கிளட்ச். அவற்றில் இந்தப் பயிற்சியை விட்டுவிட்டுச் செய்ய வேண்டும். தொடர்ந்து ஹாஃப் கிளட்சில் வைத்தால் தட்டு கருகும்.)

அதன்பின் ஃபுட்ரெஸ்ட்டில் எழுந்து நிற்பது. எழுந்து நின்றால் எடை கீழே இறங்கி வண்டி நிலைப்படும் என்று பலர் சொல்லிக்கொடுக்கிறார்கள். அது சரியல்ல, உட்கார்ந்திருப்பதைவிட நிற்கும்போது நம் உடம்பு உயரத்தில்தான் இருக்கிறது. நிற்பதன் பலன் வேறு. உட்கார்ந்தால் வண்டியும் உடம்பும் ஒரே மூட்டையாகிவிடும். கல்லில் வண்டி துள்ளினால் நாமும் துள்ளுவோம். நின்றால் முழங்காலும் கணுக்காலும் அந்த அசைவை வாங்கிக்கொள்ளும். வண்டி இடமும் வலமும் ஆடினாலும் தலை ஒரே கோட்டில் போகும். மெதுவான வளைவில் வண்டியை உள்பக்கம் சாய்த்து, உடம்பை வெளிப்பக்கம் வைத்து, வெளிப்பக்க ஃபுட்ரெஸ்ட்டை அழுத்தினால் 249 கிலோ வண்டி ஒரு சின்ன வட்டத்துக்குள் திரும்பும். சாலையில் வருஷக்கணக்காக ஓட்டியவருக்கு இது தலைகீழ்ப் பாடம். அங்கே உடம்பும் வண்டியோடு உள்பக்கம்தான் சாயும்.

மணலில் இன்னொரு தலைகீழ்ப் பாடம் காத்திருக்கிறது. முன்சக்கரம் அலையும், அலைய விட வேண்டும். கன்றுக்குட்டியைக் கயிற்றில் பிடித்து நடத்துவது மாதிரி: இறுக்கினால் திமிறும், விட்டால் ஓடிவிடும். எடையைக் கொஞ்சம் பின்னால் கொடுத்து, ஆக்ஸிலேட்டரை மூடாமல், தூரத்தில் பார்வையை வைத்தால் வண்டி தன் வழியைத் தானே கண்டுபிடிக்கும். பயந்து ஆக்ஸிலேட்டரை மூடினால் எடை முன்சக்கரத்துக்குப் போய் அது புதையும், அப்போதுதான் விழுவோம். சாலையில் முன் 36, பின் 42 பி.எஸ்.ஐ. இருக்கும் காற்றை 25ஐ ஒட்டி இறக்கினால் டயர் பரந்து பிடிக்கும். கற்கள் நிறைந்த இடத்தில் அவ்வளவு இறக்கக் கூடாது. ரிம் நெளியும், ட்யூப் டயராக இருந்தால் ட்யூப் கிழியும்.

நான் அதிக நேரம் செலவிடுகிற பாடம், மேட்டில் பாதியில் நின்றுபோவது. மேடு ஏறுவதை யாரும் விரைவில் கற்றுவிடுவார்கள். ஏற முடியாமல் நின்றால் என்ன செய்வது என்பதை நிறையப் பேர் கற்பதே இல்லை. நின்றவுடன் கை தானாகக் கிளட்சையும் முன் பிரேக்கையும் பிடிக்கும். மேட்டில் எடை முழுக்கப் பின்சக்கரத்தில் இருக்கிறது. முன்சக்கரத்துக்குப் பிடிமானம் கிடையாது. முன்சக்கரம் பூட்டியபடியே வண்டி பின்னால் சறுக்கும். செய்ய வேண்டியது ஒன்றுதான்: கிளட்சைத் தொடாமல் இன்ஜினைக் கியரிலேயே அணைய விடுவது. இப்போது பின்சக்கரத்தை இன்ஜினே பூட்டி வைத்திருக்கிறது. கிளட்ச் லீவர் நம் கையில் ஒரு பின் பிரேக்காக மாறிவிட்டது. மூச்சு வாங்கிக்கொள்ளலாம். பிறகு கிளட்ச் லீவரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்து, ஹேண்டில்பாரைத் திருப்பி, வண்டியைக் குறுக்கே கொண்டுவந்து, முகம் கீழே பார்க்கும்படி இறக்கிவிடலாம். முதல்முறை இதைச் செய்து முடித்தவரின் முகத்தைப் பார்ப்பதற்காகவே நான் இந்தத் தொழிலில் இருக்கிறேன்.

இந்த வகை வண்டிகளின் கதை 1980இல் வந்த ஆர் 80 ஜி/எஸ்ஸில் தொடங்குகிறது. அடுத்த ஆண்டே பாரிஸ்-டக்கார் பந்தயத்தில் ஹூபெர்ட் ஓரியோல் அந்த வகை வண்டியில் வென்றார். உலகம் முழுக்க இந்த ஆசையைப் பரப்பியது 2004இல் நடிகர்கள் இவான் மெக்ரெகரும் சார்லி பூர்மனும் லண்டனிலிருந்து நியூயார்க் போன பயணம். புறப்படும் முன் அவர்கள் வேல்ஸில் சைமன் பேவியிடம் மண்ணில் பயிற்சி எடுத்தார்கள். அப்படியும் மங்கோலியச் சேற்றில் அந்த 1150 சிசி வண்டிகள் அவர்களைத் திரும்பத் திரும்பக் கவிழ்த்தன. கூட வந்த ஒளிப்பதிவாளரின் வண்டியில் சட்டம் உடைந்துபோக, அவருக்கு ஒரு ரஷ்ய ஈஷ் வண்டியை வாங்கிக் கொடுத்தார்கள். அந்தச் சின்ன வண்டி சேற்றில் எளிதாகப் போனது. சேற்றுக்கும் மணலுக்கும் எடை குறைந்த வண்டிதான் நல்லது என்பதை நான் யாரிடமும் மறைப்பதில்லை. பெரிய வண்டியின் பலன், ஒரே நாளில் 600 கிலோமீட்டர் நெடுஞ்சாலையை அலுக்காமல் கடந்து அதன்பின் மண்ணிலும் இறங்க முடிவது. இமயத்துக்கு மட்டும்தான் என்று கேட்டால், 196 கிலோ எடையுள்ள ஹிமாலயன் 450 போதும் என்றுதான் சொல்வேன்.

மணாலியிலிருந்து ஸ்பிட்டியின் காஸா போகும் வழியில், கிராம்பூவுக்கும் பட்டாலுக்கும் இடைப்பட்ட பகுதி நம்மவர்களைக் கடுமையாகச் சோதிக்கும். சந்திரா நதியை ஒட்டிய கல் பாதை. பனிப்பாறை உருகி வரும் ஓடைகள் பாதைக்குக் குறுக்கே பாயும். காலையில் கணுக்கால் அளவு ஓடுகிற தண்ணீர், வெயில் ஏறிய பிற்பகலில் முழங்காலைத் தொடும். அதனால் அங்கே விடியலில் கிளம்பி மதியத்துக்குள் கடந்துவிட வேண்டும். இறங்கும் முன் நடந்து பார்க்க வேண்டும். சலசலக்கிற இடம் ஆழம் குறைவு. அமைதியாகத் தெரிகிற இடத்தில்தான் பள்ளம் இருக்கும். முதல் கியரில் சீராக, கண்ணை எதிர்க்கரையில் வைத்துப் போக வேண்டும். தண்ணீரைப் பார்த்தால் ஓட்டத்தோடு கண் போகும், கண்ணோடு வண்டி போகும். வண்டி தண்ணீரில் விழுந்தால் அந்த நொடியே கில் ஸ்விட்சை அழுத்த வேண்டும். தூக்கிய பிறகு ஸ்டார்ட்டரைத் தொடக் கூடாது. சிலிண்டருக்குள் போன தண்ணீர் அமுங்காது. பிஸ்டன் அதை இடித்தால் கனெக்டிங் ராடு வளையும், பயணம் அங்கேயே முடிந்தது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றிய பிறகுதான் இன்ஜினைச் சுற்ற வேண்டும்.

கொஞ்ச தூரத்தில் 4,500 மீட்டருக்கு மேலே குன்சும் கணவாய். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் 60 சதவீதத்துக்கும் குறைவு. கீழே சாதாரணமாகத் தூக்கி நிறுத்திய அதே வண்டி அங்கே விழுந்தால், தூக்கிய பிறகு பேச்சு வராது. கண் இருட்டும். பலத்தை நம்பி வந்தவர்கள் அங்கே அழுதுவிடுவார்கள். இடுப்பை அண்டக் கொடுத்து மெல்ல நகரத் தெரிந்தவர் அங்கும் தூக்குவார்.

நம் நாட்டில் இதைக் கற்க இடமில்லை என்ற காலம் போய்விட்டது. டக்கார் பந்தயத்தை முடித்த முதல் இந்தியரான சி.எஸ். சந்தோஷ், கர்நாடகத்தில் கோலாருக்கு அருகே பயிற்சிக்களம் அமைத்திருக்கிறார். கேரளத்தின் ஹரித் நோவா 2024 டக்காரில் ராலி 2 பிரிவை வென்று, ஒட்டுமொத்தத்தில் 11ஆவதாக வந்தார். நம் பக்கத்திலும் கோடையில் வற்றிய ஏரிப் படுகைகள் இருக்கின்றன. ஊர்க்காரர்களிடம் கேட்டுவிட்டு இறங்கினால் நடக்கிற வேகப் பயிற்சிக்கு அதைவிட நல்ல மண் இல்லை. சீமைக்கருவேல முள்ளுக்குப் பஞ்சர் கிட் மட்டும் கையில் இருக்க வேண்டும். காப்புக்காட்டுக்குள் போகக் கூடாது. கடற்கரையும் வேண்டாம், ஜனவரியிலிருந்து பங்குனி ஆமைகள் சென்னைக் கரையில் முட்டையிட ஏறுகின்றன, ஒரு டயர்த் தடம் ஒரு கூட்டையே நசுக்கிவிடும்.

இந்தக் கோடையில் ஸ்பிட்டிக்கோ ஸான்ஸ்காருக்கோ கிளம்பத் தயாராகும் நண்பர்களுக்கு என் வேண்டுகோள் இது. கூடுதல் விளக்குக்கும் அலுமினியப் பெட்டிக்கும் ஒதுக்கிய பணத்தில் நல்ல பூட்ஸ் வாங்குங்கள். மீதியில் யாரிடமாவது இரண்டு நாள் பயிற்சி எடுங்கள். மேட்டில் நின்றுபோன வண்டியை இறக்கவும், விழுந்த வண்டியை நிமிர்த்தவும் தெரிந்த பிறகு கிளம்புங்கள். தனியாகப் போகாதீர்கள், குறைந்தது இன்னொரு வண்டியாவது கூட வரட்டும்.