உயிலுக்கு மட்டும் காகிதம்தான்

பட்டுக்கோட்டையில் ஒரு பெரியவர் உயில் எழுதி வைத்துவிட்டுக் காலமானார் என்று வைத்துக் கொள்ளுங்கள். ஊரில் ஆறு மா நஞ்சை, கொஞ்சம் தென்னந்தோப்பு. சென்னை மயிலாப்பூரில் ஒரு வீடு. மகன் சிங்கப்பூரில், மகள் உள்ளூரில். இனி என்ன?

"இந்த உயில் உண்மையானதுதான்" என்று நீதிமன்றம் தரும் சான்றுக்குப் பெயர் ப்ரொபேட். 1925-ஆம் வருட இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 213-ஆவது பிரிவு இதில் ஒரு வேடிக்கை செய்திருந்தது. இந்துக் குடும்பம் என்றால் மயிலாப்பூர் வீட்டுக்கு ப்ரொபேட் கட்டாயம், பட்டுக்கோட்டை வயலுக்குத் தேவையில்லை! ஒரே அப்பா, ஒரே உயில், இரண்டு விதி. 2025 டிசம்பரில்தான் நாடாளுமன்றம் அந்தப் பிரிவை நீக்கியது. கட்டாயம் போய்விட்டாலும், நாளைக்குத் தகராறு வரும் என்று தோன்றினால் ப்ரொபேட் கேட்க வழி இருக்கிறது. ஊர்ச் சொத்துக்குத் தஞ்சாவூர் மாவட்ட நீதிமன்றம் போக வேண்டும்.

சரி, இப்போதுதான் எல்லாம் ஆன்லைன் ஆயிற்றே? உண்மைதான். மத்திய அரசின் இ-கோர்ட்ஸ் திட்டம் 2007-ல் தொடங்கியது. 2023-ல் அதன் மூன்றாம் கட்டத்துக்கு 7,210 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். வக்கீல் மனுவை பிடிஎஃப் ஆக்கி, உட்கார்ந்த இடத்திலிருந்தே ஏற்றலாம். தமிழ்நாட்டில் கீழ் நீதிமன்றங்களில் இதைக் கட்டாயமாக்க முயன்றபோது, போதிய வசதி இல்லை என்று வக்கீல்கள் எதிர்த்தது தனிக் கதை.

ஆனால் மனுவுக்குக் கிடைத்த இந்த வசதி உயிலுக்குக் கிடையாது. 2000-ஆம் வருடத் தகவல் தொழில்நுட்பச் சட்டம், தன்னுடைய முதல் அட்டவணையில் உயிலை வெளியே நிறுத்திவிட்டது. டிஜிட்டல் கையெழுத்துப் போட்ட உயில் செல்லாது. காகிதத்தில் கையெழுத்தோ கைநாட்டோ வேண்டும், குறைந்தது இரண்டு சாட்சிகள் வேண்டும். மனுவை ஸ்கேன் செய்து அனுப்பினாலும், ப்ரொபேட் கிடைத்தால் அசல் உயில் நீதிமன்றப் பதிவேடுகளில்தான் இருக்க வேண்டும் (294-ஆவது பிரிவு). சாட்சிகளில் ஒருவராவது கிடைத்தால், அவரும் மனுவைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். போதாததற்கு, நீதிமன்றத்திலும் கலெக்டர் அலுவலகத்திலும் அறிவிப்பு ஒட்ட வேண்டும்!

பழைய பஞ்சாங்கம் என்று சிரிக்கத் தோன்றும். ஆனால் யோசித்துப் பாருங்கள். மற்ற வழக்குகளில் கையெழுத்துப் போட்டவரையே கூண்டில் ஏற்றிக் கேட்கலாம். இங்கே அவர் உயிரோடு இல்லை. வயல் முழுவதும் அண்ணனுக்கு என்று எழுதியிருந்தால், தங்கைக்கு அதைக் கேள்வி கேட்க ஒரு வாய்ப்பு வேண்டாமா? அந்த அறிவிப்பும் அந்தச் சாட்சியும் அவளுக்காகத்தான். இ-ஃபைலிங் பஸ் செலவை மிச்சப்படுத்தும், அலைச்சலைக் குறைக்கும். உயில் உண்மையா என்பதை அது சொல்லாது.

அதனால் உயில் எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டியது இரண்டு. சாட்சிகள் தன்னைவிட வயதில் இளையவர்களாக, சொத்தில் பங்கு இல்லாதவர்களாக இருக்கட்டும். அசல் எந்தப் பீரோவில் இருக்கிறது என்று இரண்டு பேருக்காவது தெரியட்டும். வாட்ஸ்அப்பில் வந்த போட்டோ அசல் ஆகாது. வீட்டில் பெரியவர்களிடம் இதைக் கேட்க ஒரு மாதிரியாகத்தான் இருக்கும். கேட்டு வையுங்கள்.