எஞ்சிய இடங்கள்

மாவட்டக் காற்பந்து அணிக்குப் பதினெட்டுச் சிறுவர்களைத் தேர்ந்தெடுக்க வேண்டுமானால், முதல் பத்துப் பெயர்கள் தாமே வந்து பட்டியலில் அமர்ந்துகொள்ளும். அவர்களை இனங்காணக் கூரிய கண் வேண்டுவதில்லை. திடலோரம் ஐஸ்கிரீம் விற்பவரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார். அடுத்த ஐந்து பெயர்களுக்குச் சற்றே வாதம் நிகழும். தேர்வாளரின் உண்மையான வேலை பதினாறாம் இடத்தில்தான் தொடங்குகிறது. எஞ்சிய மூன்று இடங்களுக்கு ஏறக்குறைய ஒரே தரத்தில் பன்னிருவர் நிற்பர். ஒவ்வொருவனிடமும் ஒரு குறை வெளிப்படையாகத் தெரியும், நிறைதான் ஒளிந்திருக்கும்.

ஜொகூர் மாநிலத்தின் குளுவாங் வட்டாரத்தில் தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், இந்த வேலையை ஏறக்குறைய இருபது ஆண்டுகள் செய்தவர். காலையில் வகுப்பறையில் இலக்கணம். மாலையில் திடலில் ஊதல். அவர் பெரிய ஆட்டக்காரராக இருந்தவர் அல்லர். ஆயினும் பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர் தேர்வு நாளன்று, மற்றப் பள்ளிகளின் ஆசிரியர்கள் அவர் பக்கத்தில் வந்து நிற்பார்கள். அவர் கையிலிருக்கும் பழைய பயிற்சிப் புத்தகத்தில் என்ன எழுதுகிறார் என்று எட்டிப் பார்ப்பார்கள்.

அதில் இருப்பவை பெரும்பாலும் பிறந்த தேதிகளே. பார்ப்போருக்கு வியப்பாக இருக்கும். காரணம் எளியது. பள்ளி விளையாட்டில் வயதுப் பிரிவு பிறந்த ஆண்டைக் கொண்டு வகுக்கப்படுகிறது. ஆகவே, சனவரியில் பிறந்தவனும் அதே ஆண்டு டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவில் ஆடுகின்றனர். முப்பது வயதில் பதினொரு மாதம் ஒரு பொருட்டன்று. பதினொரு வயதில் அது நான்கு விரற்கடை உயரம். தோளில் தோள் மோதும்போது யார் விழுவது என்னும் கேள்விக்கு விடை. கனடாவில் பனித்திடல் வளைகோல் அணிகளில் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தோரே மிகுந்திருப்பதை ரோஜர் பார்ன்ஸ்லி என்னும் உளவியலார் 1980களின் நடுவில் எடுத்துக்காட்டினார். அந்த ஆய்வைப் பற்றிக் கேள்விப்படுவதற்கு முன்பே ஆசிரியர் தேதிகளைக் குறிக்கத் தொடங்கியிருந்தார். வகுப்பில் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்பித்தவருக்கு இது தெரியாமலிருக்க வழியில்லை. டிசம்பர்ப் பிள்ளைக்குப் பென்சில் பிடிக்கவே மார்ச்சு வரை ஆகும். ஆண்டிறுதியில் அவனே அழகாக எழுதுவான்.

சில ஆண்டுகள் விளைச்சல் குன்றிய ஆண்டுகள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, ரப்பர் போய்ச் செம்பனை வந்து, குடும்பங்கள் கூலாய்க்கும் ஜொகூர் பாருவுக்கும் பெயர்ந்தபின், பல தோட்டத் தமிழ்ப்பள்ளிகளில் மாணவர் தொகை நூற்றைம்பதுக்கும் கீழே இறங்கிவிட்டது. சில பள்ளிகளில் ஐந்தாம் ஆறாம் ஆண்டு ஆண் பிள்ளைகள் அனைவரையும் சேர்த்தாலும் ஓர் அணி தேறாது. அத்தகைய ஓர் ஆண்டில், "இந்த முறை யாருமில்லை, ஐயா, கடைசி மூவரை எப்படியேனும் போட்டு நிரப்புங்கள்" என்று இளைய ஆசிரியர் ஒருவர் சொன்னார்.

இச்சொல்லில் ஒரு பிழை மறைந்திருக்கிறது. ஆண்டு குன்றியது என்றால் உச்சி தாழ்ந்திருக்கிறது என்பதே பொருள்; அடிவரிசை எல்லா ஆண்டுகளிலும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். நல்ல ஆண்டில் முதல்வனுக்கும் பதினாறாமவனுக்கும் இடையே மலையளவு தொலைவு. குன்றிய ஆண்டில் அது ஒரு மேட்டின் உயரந்தான். அப்படியானால், குன்றிய ஆண்டில்தான் கடைசிப் பெயர்களுக்கு மதிப்புக் கூடுகிறது. நிரப்புவதற்கென்று அவற்றைப் பயன்படுத்துவது, விளைச்சல் குறைந்த ஆண்டில் விதைநெல்லையும் அலட்சியமாக அள்ளிப் போடுவது போன்றது.

அமெரிக்கர்கள் காற்பந்து என்றழைக்கும் ஆட்டம் பெரும்பாலும் கையால் ஆடப்படுவது. பெயர்ப் பொருத்தம் பற்றி அவர்களோடு வழக்காடிப் பயனில்லை. அங்கே பல்கலைக்கழக ஆட்டக்காரர்களைத் தொழில்முறைக் குழுக்கள் பங்கிட்டுக்கொள்ள டிராஃப்ட் என்னும் முறை 1936 முதல் நடந்துவருகிறது. முந்தைய ஆண்டில் மிகவும் தோற்ற குழு முதலில் தேர்ந்தெடுக்கும். இன்று முப்பத்திரண்டு குழுக்கள் ஏழு சுற்றுகளில் தேர்ந்தெடுக்கின்றன. 2022இல் ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் என்னும் இடத்திற்கு நல்ல இளைஞர்களே இல்லை என்று தேர்வாளர் பலர் கையை விரித்தனர். முதல் சுற்றில் அவ்விடத்திற்கு ஒருவர்தான் தேர்வு பெற்றார். 262ஆம் பெயராக, அதாவது எல்லாருக்கும் கடைசியாக, புரோக் பர்டி என்பவரைச் சான் பிரான்சிஸ்கோ குழு எடுத்தது. உயரம் போதாது, கைவீச்சு வலிமை போதாது என்பவை அவர்மேல் சொல்லப்பட்ட குறைகள். நான்கு ஆண்டுகள் பல்கலைக்கழக அணியை இடைவிடாமல் நடத்தியவர் என்பது கண்முன்னே இருந்த நிறை. முன்னிருந்த இருவர் காயமுற்றதால் அவ்வாண்டு டிசம்பரில் அவர் ஆட்டத்தை ஏற்றார்; 2024 பிப்ரவரியில் நாட்டின் இறுதிப் போட்டி வரை குழுவை நடத்திச் சென்றார்.

இத்தகைய கதைகளைக் கேட்டு மயங்குவோரும் உண்டு. கடைசிப் பெயராய் வந்தோரில் பெரும்பாலோர் ஒரு பருவமும் நிலைக்காமல் மறைந்தனர் என்பதைக் கதை சொல்வோர் சொல்வதில்லை. கதையை அறிந்தபின் தேர்ந்தெடுப்பது எவருக்கும் எளிது. தேர்வாளர் கதை நிகழுமுன் தேர்ந்தெடுக்க வேண்டியவர்.

ஜொகூர்க்காரர்கள் இதற்குக் கடல் கடந்து போகவேண்டியதில்லை. லார்க்கின் அரங்கத்திலேயே அவர்கள் கண்முன் ஒன்று நிகழ்ந்தது. 1997 நவம்பர் 16ஆம் நாள், உலகக் கிண்ணத்திற்குச் செல்லும் ஆசிய இடத்துக்காகச் சப்பானும் ஈரானும் அங்கே மோதின. சப்பான் அதுவரை உலகக் கிண்ணத்தில் ஆடியதே இல்லை. முதற்கோலைச் சப்பான் போட்டது. இடைவேளைக்குப்பின் ஈரான் இரண்டு போட்டு முந்தியது. பயிற்றுநர் தக்கேசி ஒக்காடா, நாடே கொண்டாடிய மியூராவை வெளியே அழைத்து மாற்று ஆட்டக்காரரை இறக்கினார். அப்படி இறங்கியோருள் ஒருவரான ஜோ சமன் செய்தார். கூடுதல் நேரம் தொடங்கியபோது, மூன்றாவதும் கடைசியுமான மாற்றாக மசயூக்கி ஒக்கானோ இறங்கினார். அந்தச் சுற்று முழுதும் இருக்கையிலேயே அமர்ந்திருந்தவர் அவர். அவருடைய நிறை ஒன்றே ஒன்று: ஓட்டம். பந்தை நயமாகக் கையாள்வதில் அவரை மிஞ்சியோர் அணியில் பலர். இறங்கியபின் கைக்கெட்டிய வாய்ப்புகளையும் தவறவிட்டார். 118ஆம் நிமிடத்தில் நக்காத்தா அடித்த பந்தை ஈரான் கோல்காவலர் தட்டிவிட, சறுக்கி வந்து அதை வலைக்குள் தள்ளினார் அதே ஒக்கானோ. அன்றைய விதிப்படி கூடுதல் நேரத்தில் முதற்கோல் விழுந்ததும் ஆட்டம் முடியும். மூன்றுக்கு இரண்டு, சப்பான் முதன்முறையாக உலகக் கிண்ணத்திற்குச் சென்றது.

ஆசிரியர் இந்நிகழ்ச்சியை மாணவர்க்குச் சொல்லும்போது கோலைப் பற்றி மிகுதியாகப் பேசமாட்டார். களைத்துப்போன தடுப்பாளர்களுக்கு எதிரே கூடுதல் நேரத்தில் என்ன தேவைப்படும் என்பதைப் பட்டியல் எழுதிய நாளிலேயே ஒருவர் எண்ணி வைத்திருந்தாரே, அதைத்தான் பேசுவார். திருவள்ளுவர் தெரிந்து தெளிதலை ஓர் அதிகாரமாகவும், தெரிந்து வினையாடலை அடுத்த அதிகாரமாகவும் பிரித்து வைத்ததை இங்கே நினைவூட்டுவார். ஆளைத் தேர்வது ஒரு வேலை. அவனுக்குரிய வினையை அறிந்து அவனிடம் ஒப்படைப்பது வேறொரு வேலை. எஞ்சிய இடங்களைப் பொறுத்தவரை இரண்டையும் ஒரே நாளில் செய்தாக வேண்டும். எந்த நிமிடத்தில் எதற்கு இறக்குவோம் என்று சொல்ல முடியாத ஒருவனைப் பதினேழாம் இடத்தில் எழுதுவதில் பொருளில்லை.

அந்தக் குன்றிய ஆண்டில், பதினெட்டாம் இடத்திற்கு இருவர் எஞ்சினர். ஒருவன் நகரப் பள்ளிச் சிறுவன், சனவரியில் பிறந்தவன். இரு கால்களாலும் அடிப்பான். எவ்விடத்தில் நிறுத்தினாலும் நிற்பான். குறை சொல்ல ஒன்றுமில்லை. வியந்து சொல்லவும் ஒன்றுமில்லை. மற்றவன் செம்பனைத் தோட்டத்துச் சிறுவன். டிசம்பர் இறுதியில் பிறந்தவன். இடக்கால் மட்டுமே உண்டு, வலக்கால் நிற்பதற்குத்தான். இரண்டு முறை வெறும் கோலுக்கு வெளியே அடித்தான். ஆனால் பந்தைப் பறிகொடுத்த ஒவ்வொரு முறையும், தலையில் கைவைத்து நிற்காமல், முதல் ஆளாகத் திரும்பி ஓடினான். புத்தகத்தில் ஆசிரியர் அதைப் பதினான்கு கோடுகளாகக் குறித்திருந்தார்.

"இருவரும் ஒன்றுதான், ஐயா. காசு சுண்டிப் பார்த்துவிடலாமே. உத்திரமேரூரில் குடவோலை எடுத்தார்களே!" என்றார் இளையவர்.

"எடுத்தார்கள், தம்பி. வயது என்ன, நிலம் எவ்வளவு, படிப்பு என்ன என்று கல்லில் நீளமாக வெட்டி வைத்துவிட்டு, அதற்குப் பிறகு எடுத்தார்கள். நாம் இன்னும் அந்தப் பகுதியை முடிக்கவில்லை" என்றார் ஆசிரியர்.

முடிக்க வேண்டியிருந்தது திடலில் இல்லை. மாவட்ட அணியில் இடம் கிடைத்தால் மாநிலத் தேர்வு. அங்கே கண்ணிற்பட்டால் பண்டார் பெனாவாரிலுள்ள விளையாட்டுப் பள்ளி வரை வழி திறக்கலாம். தோட்டத்துச் சிறுவனுக்கு அது சிறிய செய்தியன்று. ஆனால் பயிற்சி முடியும் வேளைக்குத் தோட்டத்துக்குப் பேருந்து இல்லை. மேலும், ஆறாம் ஆண்டில் யு.பி.எஸ்.ஆர். தேர்வு இருந்த காலம் அது. 2021இல்தான் அது நீக்கப்பட்டது. மகன் தேர்வில் தவறினால் யார் பொறுப்பு என்று தாய் கேட்டார். கேள்வி நியாயமானது. தாய் வேலை முடிந்து கை கழுவி வரும்வரை வாசலிலேயே காத்திருந்து அதைக் கேட்டுக்கொண்டவர் ஆசிரியர். பையனைத் தம் காரிலேயே கொண்டுவந்து விடுவதாகவும், வழியில் கணிதம் சொல்லிக் கொடுப்பதாகவும் கூறினார். கணிதத்தில் அவர் வல்லவர் அல்லர் என்பது பிற்பாடு காரில் தெரியவந்தது.

பதினெட்டாம் பெயராக அவன் எழுதப்பட்டான். நகரப் பள்ளிச் சிறுவனிடம், பட்டியல் பலகையில் ஒட்டப்படுமுன், ஆசிரியரே நேரில் சென்று சொன்னார். தேர்வாளர் பலர் இதைச் செய்வதில்லை. அவன் பலகையில் தன் பெயரைத் தேடி மேலும் கீழுமாகப் பார்த்து நிற்பதைத் தொலைவிலிருந்து காண்பதோடு சரி. அன்று அவன் அழவில்லை. "ஐயா, நான் எதில் குறைவு?" என்று மட்டும் கேட்டான். "குறைவு ஒன்றுமில்லை, எதில் மிகுதி என்று அடுத்த ஆண்டு காட்டு. உனக்கு இன்னும் ஓராண்டு இருக்கிறது" என்றார். அவன் அப்போது ஐந்தாம் ஆண்டு மாணவன். தோட்டத்துப் பையனுக்கோ அதுவே கடைசி வாய்ப்பு. இதையும் சேர்த்தே ஆசிரியர் எடைபோட்டிருந்தார்.

தோட்டத்துப் பையன் மாநில அணிக்குப் போகவில்லை. மாவட்டத்துக்காக நான்கு ஆட்டங்களில் இறங்கினான். ஒன்றில் அவன் இழந்த பந்தால் எதிரணி கோல் போட்டது, இன்னொன்றில் அவன் திரும்பி ஓடிப் பறித்த பந்து வெற்றிக் கோலாயிற்று. யு.பி.எஸ்.ஆரில் கணிதம் தேறினான். இன்று நாள்தோறும் விடியுமுன் பாலம் கடந்து சிங்கப்பூரில் வேலை செய்து திரும்பும் பல்லாயிரம் ஜொகூர்க்காரர்களுள் அவனும் ஒருவன். அவன் தேர்வானது சரியா என்று கேட்போரிடம், எதைக் கொண்டு அளப்பது என்று ஆசிரியர் திருப்பிக் கேட்பார்.

நகரப் பள்ளிச் சிறுவன் மறு ஆண்டு வந்தான். எல்லா இடத்திலும் நிற்பதை விட்டு, வலப்பக்கத் தடுப்பாளன் ஒருவனுக்கு வேண்டியதை மட்டும் ஓராண்டு பழகியிருந்தான். அந்த ஆண்டு நல்ல விளைச்சல். தேர்வுக்கு வந்தோர் தொகையும் மிகுதி. அவன் பெயர் நான்காவதாக எழுதப்பட்டது. எஞ்சிய மூன்று இடங்களுக்கு வழக்கம்போல் பன்னிருவர் நின்றனர். ஆசிரியர் பயிற்சிப் புத்தகத்தில் புதிய பக்கம் ஒன்றைத் திறந்து, பிறந்த தேதிகளைக் கேட்கத் தொடங்கினார்.