வன்னிக் காட்டின் வேட்டைத் தடங்கள்

வன்னி என்றதும் நம்மவர் உள்ளத்திலே காடும் குளமும் யானையும் ஒருங்கே தோன்றும். அவற்றோடு சேர்ந்து தோன்றவேண்டியவன் ஒருவன் உளன். அவன் வேட்டைக்காரன். இற்றைக்கு நூற்றெழுபது, நூற்றெண்பது ஆண்டுகளுக்கு முன்னர், ஐரோப்பியத் துரைமார் துவக்கும் கூடாரமுமாய் இலங்கைக் காடுகளுக்குள் நுழைந்து, கொன்ற யானைகளுக்குக் கணக்கெழுதி மகிழ்ந்தனர். இன்று நமீபியாவிலும் தென்னாபிரிக்காவிலும் செல்வத்திற் சிறந்த கணவனும் மனைவியும் பெரும் பணம் கொடுத்து, வழிகாட்டியை அமர்த்தி, விலங்குகளைச் சுட்டு, அவற்றின் தலைகளைப் பாடம் செய்து வீட்டுக்கு அனுப்புவிக்கின்றனர். அவர்கள் வழியை நாம் பின்பற்றவில்லை. துவக்கு இல்லாமல், ஊரறிந்த பெரியவர் ஒருவரை மட்டும் துணைக்கொண்டு, கணவனும் மனைவியுமாக நாமிருவரும் வன்னியின் வேட்டைத் தடங்களைக் கண்டுவரச் சென்றோம். யாழ்ப்பாணத்திலிருந்து கண்டி வீதியாற் புறப்பட்டு, மாங்குளத்திற் கிழக்கே திரும்பி, முல்லைத்தீவு சென்று, முள்ளிவாய்க்கால் வழியாக மீளுவது எமது திட்டம்.

யானை விற்ற துறை

இவ்வழியில் முதலிற் கண்ணுக்குப் படுவது ஆனையிறவு. குடாநாட்டையும் பெருநிலத்தையும் பிரித்துக் கிடக்கும் ஆழமற்ற பரவைக் கடல் அது. வன்னியிற் பிடிபட்ட யானைகளை இவ்விடத்தில் நீரில் இறக்கிக் குடாநாட்டுக்குக் கொண்டு சென்றனர். அவை ஊர்காவற்றுறையிற் கப்பலேறி இந்தியாவுக்குச் சென்றன. போர்த்துக்கேயர் காலத்திலும் ஒல்லாந்தர் காலத்திலும் வன்னியர்கள் செலுத்திய திறை, பொன்னன்று, யானையே. யாழ்ப்பாணத்தில் நடந்த யானை விற்பனைக்குக் கொல்கொண்டாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வணிகர் வந்தனர்.

அக்காலத்தில் யானைக்கு உயிருள்ளபோதுதான் விலை. ஆகையால் அதைக் கொல்லாது பிடிக்கத் தெரிந்தவர்களுக்குப் பெருமதிப்பு இருந்தது. அவர்களைப் பணிக்கர் என்பர். இலங்கையின் வடக்கிலும் வடகிழக்கிலும் உள்ள முஸ்லிம் ஊர்களிலே இக்கலை தலைமுறை தலைமுறையாக வழங்கியது. காய்ந்த சருகின்மேலும் கற்பாறையின்மேலும் யானை சென்ற வழியை அவர்கள் கண்டுகொள்வர்; சந்தடியின்றி அதன் பின்னாற் சென்று, மான்தோல் அல்லது எருமைத்தோலால் முறுக்கிய கயிற்றைப் பின்னங்காலில் மாட்டி, மறுமுனையை மரத்திற் சுற்றிவிடுவர். மலைபோன்ற விலங்கை இரண்டு மூன்று பேர், கையில் ஒரு கயிற்றோடு கட்டி நிறுத்திய செய்தியைப் படிக்குந்தோறும் வியப்பே மிகுகின்றது.

தலைக்கு இவ்வளவு என்ற விலை

ஆங்கிலேயர் ஆட்சியில் யானை வாணிகம் தளர்ந்தது. விற்பனைப் பொருளாக இருந்த விலங்கு, பயிரை அழிக்கும் பகையாகக் கருதப்பட்டது. யானையைக் கொன்றவனுக்குத் தலைக்கு இத்தனை சிலிங் என்று அரசாங்கமே சன்மானம் வழங்கியது. 1845 முதல் 1850 வரை இலங்கையின் குடியேற்றநாட்டுச் செயலாளராக இருந்த சேர் எமர்சன் டெனன்ட், 1859 இல் வெளியிட்ட தமது நூலிலே ஒரு கணக்குத் தருகின்றார். 1848 ஆம் ஆண்டிற்கு முன் மூன்றாண்டுக்கும் குறைந்த காலத்தில், வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மாத்திரம் 3,500 க்கு மேற்பட்ட யானைகள் கொல்லப்பட்டன என்பது அவர் கூற்று. வட மாகாணம் என்றாலும், யானை வாழ்ந்த காடு வன்னிக் காடே அன்றோ?

சன்மானத்துக்காகச் சுட்டவர் ஒருபுறமிருக்க, பொழுதுபோக்காகச் சுட்டவர் மறுபுறம். மேஜர் ரொஜர்ஸ் என்னும் அதிகாரி 1,400 க்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றவர் எனப் பெயர் பெற்றார். 1845 இல் அப்புத்தளையில் இடி விழுந்து அவர் மாண்டார். நுவரெலியாவிலுள்ள அவருடைய கல்லறையையும் இடி விட்டுவைக்கவில்லை என்று மக்கள் கதை சொல்வர். இலங்கை யானைகளிலே தந்தம் உடையவை மிகச் சில. ஆகவே இவர்கள் தந்தத்தின்மேல் வைத்த ஆசையால் இத்தனையையும் கொன்றனர் என்று சொல்லவும் இடமில்லை. எண்ணிக்கை ஒன்றே அவர்களுக்குப் பரிசாயிற்று.

இலங்கையில் வேட்டை பழகிய சாமுவேல் பேக்கர் என்பார் பின்பு ஆபிரிக்கா சென்றார். அவருடன் துணிந்து சென்ற புளோரன்ஸ் அம்மையாரைப் பிற்பாடு மணந்துகொண்டார். இருவரும் 1864 இல் அல்பேர்ட் ஏரியைக் கண்டு உலகப் புகழ் பெற்றனர். தம்பதியர் வேட்டை என்னும் இக்கால வழக்கத்துக்கு அவர்களை முன்னோடிகள் எனலாம்.

ஆபிரிக்காவிலே இவ்வழக்குப் பற்றி இன்றும் ஓயாத வாதம் நிகழ்கின்றது. கென்யா 1977 இல் வேட்டையை முற்றாகத் தடுத்தது. பொட்ஸ்வானா 2014 இல் நிறுத்தி, 2019 இல் மீண்டும் அனுமதித்தது. நமீபியாவிலோ, 1996 இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி கிராம மக்களே சங்கமாகக் கூடித் தம் நிலத்து விலங்குகளைப் பேணி, அவற்றால் வரும் வருவாயையும் பெறுகின்றனர். வேட்டைப் பணம் இன்றேல் விலங்கைக் காப்பதற்கு ஏழைக்கு என்ன காரணம் உண்டு என்பர் ஒரு சாரார். உயிரை விலைகூறி விற்பது காப்பதாகுமா என்பர் மறு சாரார். நம் நாட்டிலே இவ்வழக்கு முன்னரே தீர்ந்துவிட்டது. 1937 இல் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. 1950 இல் பனாமுறையில் நடந்ததே இறுதி யானைப்பிடி.

மண்ணைப் படித்த பெரியவர்

முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சானும் வாங்கிக்கொண்டு மாங்குளம் சேர்ந்தோம். அங்கிருந்து கிழக்கே செல்லும் வீதியில் ஒட்டுசுட்டானைக் கடந்தால் பாலையும் வீரையும் முதிரையும் இருபுறமும் நெருங்கி நிற்கும். 1803 இல் பண்டாரவன்னியன் ஆங்கிலேயரோடு பொருத கற்சிலைமடுவும் இப்பகுதியிலேதான் உள்ளது. மாலையில் முள்ளியவளையை அடைந்தோம்.

மறுநாள் விடியற்பொழுதில் பெரியவர் வந்தார். எழுபது வயதைக் கடந்தவர். தோளிலே ஒரு சால்வை, கையிலே ஒரு தடி. ஊரெல்லையிலுள்ள குளக்கட்டில் எம்மை அழைத்துச் சென்றார். கட்டின் தொடக்கத்தில் ஒரு குழையை முறித்து மரத்தடியில் வைத்துவிட்டே மேலே நடந்தார். காடு புகுவோர் தெய்வத்துக்குச் செய்யும் வழிபாடு அது.

ஈரமண்ணில் வட்டமான சுவடு ஒன்று கிடந்தது. பெரியவர் ஒரு கொடியை அறுத்து அதன் விளிம்பிலே சுற்றி அளந்தார். முன்காற் சுவட்டின் சுற்றளவை இரட்டித்தால் யானையின் தோளுயரம் வரும் என்றார். கொடி நாலடி இருந்தது. எனவே யானை எட்டடி உயரம். இலத்தியை விரலால் தொட்டுச் சூட்டைப் பார்த்து, அது கடந்து எவ்வளவு நேரம் என்று மதித்தார். மரத்திற் பூசியிருந்த சேறு காயாமலிருப்பதையும், ஒடிந்த கிளையின் இலை வாடாதிருப்பதையும் காட்டினார். பின் குனிந்து ஒரு பிடி தூளை எடுத்துக் காற்றிலே தூவினார்.

“பிள்ளை, காத்து எங்கட பக்கத்திலயிருந்து அங்கால போகுது. இனிக் கிட்டப் போகக் கூடாது,” என்றார்.

“அப்பு, ஒருக்கால் தூரத்தில நிண்டு பாத்திட்டு வருவமே?” என்று கேட்டோம்.

“அது எங்களை மணந்து போட்டுது. அதுக்கு இடம் விட்டிட்டுத் திரும்புவம். நாளைக்கும் நாங்கள் இந்தக் குளத்துக்கு வரவேணும், அதுவும் வரவேணும்,” என்று சொல்லித் திரும்பி நடந்தார்.

அவருடைய பாட்டன் வெள்ளைக்காரத் துரைமாருக்கு வழிகாட்டியவராம். துரைமாரின் பெயர்கள் நூல்களில் நிலைத்துவிட்டன. யானை நின்ற இடத்தைக் கண்டு, காற்றின் போக்கை உணர்ந்து, அவர்களை உயிரோடு கொண்டுபோய் உயிரோடு திருப்பி அழைத்துவந்தவர்களின் பெயர்களோ பெரும்பாலும் ஏட்டில் ஏறவில்லை. ஆபிரிக்காவிலும் நிலைமை இதுவே. சுட்டவர் படத்தில் நிற்பார்; தடம் பார்த்தவர் படத்துக்கு வெளியே நிற்பார்.

முள்ளிவாய்க்கால்

முல்லைத்தீவிலிருந்து வட்டுவாகற் பாலத்தைக் கடந்தால் முள்ளிவாய்க்கால். ஒரு பக்கம் நந்திக்கடல், மறுபக்கம் பெருங்கடல். இடையிலே ஒடுங்கிய மணல்நிலம். நந்திக்கடலின் கரையிலேதான் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலும் உள்ளது. வைகாசிப் பொங்கலின்போது அங்கே கடல்நீரில் விளக்கெரியும் என்பது நம் மக்களின் நம்பிக்கை. கடனீரேரியில் இறால் பிடிப்போர் வலைவீசி நிற்க, கொக்குகள் அவர்களுக்கு அருகிலேயே அஞ்சாது மேய்ந்தன. கரையோரமாக வடக்கே சென்றால் சுண்டிக்குளம். 1938 இற் பறவைகள் சரணாலயமாக்கப்பட்டு, 2015 இல் தேசியப் பூங்காவான இடம் அது.

இத்துணை அமைதியான இந்நிலத்திலேதான் 2009 ஆம் ஆண்டு போரின் இறுதி நாட்கள் கழிந்தன. வன்னி முழுவதிலுமிருந்து பெயர்ந்த மக்கள் இவ்வொடுங்கிய கரையில் நெருக்குண்டு, எறிகணைக்கும் பசிக்கும் நடுவே கிடந்தனர். அவ்வாண்டு மே மாதம் போர் முடிந்தது. இறந்தவர் தொகைக்கு ஒருமித்த கணக்கு இன்றுவரை இல்லை. ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகம் அமர்த்திய நிபுணர் குழு, பொதுமக்கள் 40,000 பேர் வரை இறந்திருக்கக்கூடும் என்ற மதிப்பீட்டைத் தள்ளிவிட முடியாது என்று 2011 இற் கூறியது. ஆண்டுதோறும் மே 18 ஆம் நாள் மக்கள் இங்கே கூடி விளக்கேற்றுகின்றனர். அரிசியும் நீரும் உப்பும் சேர்ந்த கஞ்சியைக் காய்ச்சிப் பகிர்ந்து குடிக்கின்றனர். அந்நாட்களில் அவர்கள் உயிரைத் தாங்கிய உணவு அதுவே.

யானைகளுக்குத் தலைக்கணக்கு எழுதிய ஏடுகளைப் படித்துவிட்டு இவ்விடத்தில் நிற்பவருக்கு நெஞ்சு கனக்கும். சுட்ட விலங்கைத் தவறாது எண்ணி வைத்தார்கள். இங்கே மாண்ட மனிதரை எண்ணி முடித்தாரில்லை. உற்றார் கையிலே புகைப்படம் தாங்கி நிற்பது ஒரு தொகைக்காக அன்று, ஒரு பெயருக்காக. எண்ணிக்கை பெரிதாகுந்தோறும் பெயர் மறைந்துபோவது இயல்பு. மறைய விடாதிருப்பது இருப்பவர் கடன்.

தடம் பார்க்கும் கண்

போர் ஓய்ந்த பின் மக்கள் ஊர் திரும்பினர். கைவிடப்பட்ட வயல்களிலே காடு ஏறியிருந்தது. மண்ணுக்குள்ளே கண்ணிவெடி இருந்தது. அவற்றை அகற்றும் பணியில் வன்னிப் பெண்கள் பலர் ஈடுபட்டனர். முழந்தாளிட்டு அமர்ந்து, மண்ணை விரற்கடை விரற்கடையாகப் பார்த்து, ஐயுற்ற இடத்தை மெல்லக் கிளறி, பிள்ளைகள் நடப்பதற்கு நிலத்தை மீட்டுத் தந்தவர்கள் அவர்கள். யானைத் தடம் பார்த்த முன்னோரின் பொறுமையே வேறோர் உருவில் அவர்களிடம் வந்தது போலும்.

யானைக்கும் மனிதருக்கும் உள்ள வழக்கோ இன்னும் தீரவில்லை. 2011 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இலங்கையில் 5,879 காட்டுயானைகள் இருந்தன. 2019 இல் மட்டும் 405 யானைகளும் 121 மனிதரும் இம்மோதலில் இறந்தனர். இன்று யானையைக் கொல்வது பெரும்பாலும் வேட்டைக்காரனன்று. தோட்டத்தைக் காக்க நேர்மின்கம்பியிலிருந்து களவாக இழுத்த இணைப்பும், காய்க்குள் மறைத்துவைத்த வெடியும் கொல்கின்றன. இரவு முழுவதும் பரணிலே விழித்திருந்து, விடிந்ததும் மிதிபட்ட நெல்லைக் காணும் உழவனின் சினத்தை யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் இருந்துகொண்டு பழிப்பது எளிது. அவனுக்கு வேண்டியது உபதேசமன்று; பழுதடையாத மின்வேலியும், காலந்தாழ்த்தாத இழப்பீடும், யானையின் வழக்கமான பாதையை அறிந்து வகுத்த குடியேற்றமுமே.

அப்பாதையை அறிந்தவர்கள் யார்? குளக்கட்டிலே கொடியால் அளந்து காட்டிய அப்பெரியவரைப் போன்றவர்களே. அவர்களுடைய அறிவு ஒரு காலத்தில் பிடிப்பதற்குப் பயன்பட்டது. பின்பு கொல்வதற்குப் பயன்பட்டது. இனி, இரண்டு உயிரையும் விலக்கி வைத்துக் காப்பதற்கு அது பயன்பட வேண்டும். வன்னியில் வாழும் மாணவர்கள் தம் ஊர்ப் பெரியவர்களிடம் சென்று, எந்த மாதத்தில் எந்த வழியாக யானை வரும், எந்தக் குளத்தில் நீர் அருந்தும், எந்த மரத்தடியிற் படுக்கும் என்பவற்றைக் கேட்டுக் குறிப்பேட்டில் எழுதிவைப்பார்களாயின், அதைவிடப் பயனுள்ள விடுமுறைப் பணி வேறில்லை. குறிப்பேட்டின் முதற் பக்கத்தில், சொல்லித் தந்தவரின் பெயரையும் மறவாது எழுதுக.