ஒரே முகவரியில் இரண்டு போர்டு

மேக் முகவரி உலகத்திலேயே தனித்துவமானது என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருப்போம். மொத்தம் 48 பிட். வழக்கமாக முதல் 24 பிட்டை ஐஇஇஇ அமைப்பு நிறுவனத்துக்குத் தரும். மீதி 24-ஐ நிறுவனம்தான் கார்டுக்குக் கார்டு மாற்ற வேண்டும்.

மாற்றாவிட்டால்? எங்கள் லேபுக்கு வந்த இரண்டு மலிவு போர்டுகளிலும் ஒரே முகவரி! இரண்டையும் ஒரே ஸ்விட்சில் செருகினால், அந்த முகவரி எந்தப் பக்கம் என்று ஸ்விட்ச் மாற்றி மாற்றிக் குறித்துக்கொள்ளும். பிங் பாதி வரும், பாதி தொலையும்.

ஈப்ராமிலிருந்து முகவரியைப் படித்து கெர்னலிடம் கொடுப்பது டிரைவர்தான். எல்லாம் பூஜ்யமாக இருந்தாலோ, மல்டிகாஸ்ட் பிட் 1 ஆக இருந்தாலோ ஒழுங்காக எழுதிய லினக்ஸ் டிரைவர் அதை ஏற்காது. பல டிரைவர்கள் அப்போது ரேண்டமாக ஒன்றை உருவாக்கி, 'இது உள்ளூர் முகவரி' என்பதற்கான பிட்டையும் 1 ஆக்கிவிடும். ஆனால் பூட் செய்யும்போதெல்லாம் முகவரி மாறும், டிஎச்சிபி தரும் ஐபியும் மாறலாம்.

எங்கள் கேஸில் அதுவும் நடக்காது. முகவரி பார்வைக்குச் சரிதானே! பக்கத்து போர்டிலும் அதுவே இருப்பது டிரைவருக்கு எப்படித் தெரியும்? கடைசியில் ஒரு போர்டுக்கு மட்டும் 02-ல் தொடங்கும் முகவரியை பூட் ஸ்கிரிப்டில் எழுதினோம். பிங் ஒழுங்காக வந்தது.

புது போர்டு வாங்கினால் முதலில் மேக் முகவரியை ஒப்பிட்டுப் பாருங்கள் மக்களே!