ரெட் ஓக் என்றார்கள்

வீட்டைக் காட்டிய ஏஜென்ட் தரையைப் பற்றிச் சொன்னது ஒரே வரி: கார்ப்பெட்டைத் தூக்கினால் அடியில் ரெட் ஓக் இருக்கிறது. கிரான்பர்னில் எழுபதுகளில் கட்டிய செங்கல் வீடு அது. இப்போதைய வீடுகள்போல கான்கிரீட் ஸ்லாப் கிடையாது. குட்டைத் தூண்கள்மேல் விட்டம், விட்டத்தின்மேல் பலகை. சாவி கைக்கு வந்ததும் ஒரு மூலையில் கார்ப்பெட்டைப் பிய்த்துப் பார்த்தோம். வைக்கோல் நிறமும் இளஞ்சிவப்பும் கலந்த பலகைகள். “தேக்கு மாதிரியே இருக்கு” என்று அம்மா சந்தோஷப்பட்டார். எனக்குத்தான் உறுத்தியது. வட அமெரிக்காவின் கிழக்குக் காடுகளில் வளரும் மரம், மெல்பர்னின் தென்கிழக்கு ஓரத்தில் சிக்கனமாகக் கட்டிய ஒரு வீட்டுக்கு ஏன் கப்பலேறி வரவேண்டும்? கிழக்கே கொஞ்ச தூரம் போனால் கிப்ஸ்லாண்டு. அங்கே மரத்துக்கா பஞ்சம்?

வெறும் ஆர்வத்துக்காக நான் துருவவில்லை. சமையலறையை ஒட்டி ஓர் அறை நீட்டிக் கட்டவேண்டியிருந்தது. பழைய தரையும் புதுத் தரையும் சேரும் இடம் பல்லை இளிக்கக்கூடாது. அதற்கு, காலடியில் கிடப்பது எந்த மரம் என்று தெரிந்தாகவேண்டும்.

முதலில் காகிதம். பெர்விக், கிரான்பர்ன் பகுதிகளைச் சேர்த்து 1994-இல் உருவான கேசி நகரசபையிடம் வீட்டின் பழைய வரைபடத்தைக் கேட்டு வாங்கினேன். தரைக்கு எதிரே ‘ஹார்ட்வுட்’ என்று ஒரு சொல் மட்டும் இருந்தது. நம்மூர்க் கல்யாணப் பத்திரிகையில்கூட இதைவிட அதிகத் தகவல் இருக்கும்.

பிறகு மரத்தையே கேட்டேன். ஹாலில் சூடான காற்று வரும் துவாரத்தின் இரும்புச் சட்டத்தைக் கழற்றினால், பலகைகள் அறுபட்ட முனை தெரியும். மரத்தின் ஜாதகம் அந்த முனையில்தான் இருக்கிறது. பிளேடால் மெல்லச் சீவிவிட்டு, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை வைத்துப் பார்த்தேன். பக்கத்தில், மரக்கடையில் வாங்கிவந்த அசல் அமெரிக்க ரெட் ஓக் துண்டு.

இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ரெட் ஓக்கில் ஒவ்வோர் ஆண்டு வளையத்தின் தொடக்கத்திலும் பெரிய துளைகள் வரிசைகட்டி நிற்கின்றன. வெறும் கண்ணுக்கே தெரியும். மையத்திலிருந்து பட்டைவரை தடித்த கதிர்க்கோடுகள் குறுக்கே வெட்டுகின்றன. பலகையின் முகத்தில் அவைதான் பளபளப்பான செதில்களாகத் தோன்றும். அந்தத் துளைகள் அடைபடாதவை. ரெட் ஓக் துண்டின் ஒரு முனையைச் சோப்புத் தண்ணீரில் வைத்து மறுமுனையில் ஊதினால் குமிழி வரும். ஊதினேன், வந்தது. ஒயிட் ஓக்கில் துளைகள் உள்ளுக்குள்ளேயே அடைபட்டிருக்கும். விஸ்கிப் பீப்பாய்க்கு ஒயிட் ஓக்கையே தேடுவதும், ரெட் ஓக் பீப்பாய் ஒழுகும் என்பதும் இதனால்தான். என் வீட்டுப் பலகையிலோ தடித்த கதிர்க்கோடே இல்லை. சின்னச் சின்னத் துளைகள் சாய்வாக அங்கங்கே சிதறிக் கிடந்தன.

ஓக் இல்லை என்பது அத்தோடு முடிந்தது. எது என்பதைச் சொன்னவர், எங்கள் தெருவிலேயே இருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணை. தரை உரஞ்சிப் பாலிஷ் போடுவதுதான் அவருக்கு இங்கே தொழில். முழங்காலை ஊன்றி ஒரு பலகையை விரலால் தடவினார்.

“ஓக் எண்டு ஆர் தம்பி சொன்னது? இஞ்ச பாருங்கோ, பிசின் ஓடியிருக்கு.”

முடி கனத்தில் ஒரு கருஞ்சிவப்புக் கோடு. கொஞ்ச தூரம் ஓடி, ஓரிடத்தில் புடைத்து, மறுபடி மெலிந்து மறைந்தது. மரம் உயிரோடிருந்தபோது நெருப்போ பூச்சியோ காயப்படுத்தியிருக்கும். அந்தக் காயத்தை அது பிசினால் மூடிய தழும்பு. ஓக்கில் இப்படி ஒரு கோட்டைக் காணமுடியாது. யூகலிப்டஸில் சர்வசாதாரணம்.

“டாஸி ஓக் எண்டும் சொல்லுவினம், விக் ஆஷ் எண்டும் சொல்லுவினம். ரெண்டும் கம் மரம்தான்” என்றார் அண்ணை.

அவர் சொன்னது சரிதான். கம் மரம் என்றால் யூகலிப்டஸ். கடைகளில் ‘டாஸ்மேனியன் ஓக்’ என்று விற்பது யூகலிப்டஸ் ரெக்னன்ஸ், டெலிகேட்டென்சிஸ், ஆப்ளிக்வா என்ற மூன்று மரங்களின் கூட்டுப்பெயர். முதல் இரண்டும் விக்டோரியாவில் ‘விக்டோரியன் ஆஷ்’ என்ற பெயரில் வலம்வருகின்றன. தூரத்துச் சாயலை வைத்து ஐரோப்பியர்கள் தங்கள் ஊர் மரங்களின் பெயரைச் சூட்டிவிட்டார்கள். வியாபாரத்துக்கும் அது வசதியாகப் போயிற்று. அதில் சிவப்பு நிறத்தைக் கண்டு ‘ரெட்’ சேர்த்தது மட்டும் ஏஜென்டின் சொந்தச் சரக்கு.

என் தேடல் சூடுபிடித்ததே இதற்குப் பிறகுதான். நாங்கள் குன்னூர்க்காரர்கள். சளி பிடித்தால் நீலகிரித் தைலம், குளிருக்குத் தைலமரச் சுள்ளி என்று வளர்ந்தவர்கள். கடல் தாண்டி வந்து, கடனுக்கு வீடு வாங்கி, அதன் தரையைக் கிளறினால் அங்கேயும் தைலமரத்தின் பங்காளி!

நீலகிரிக்கு அது போன கதை ஓரளவு தெரிந்ததே. 1843-இல் மெட்ராஸ் எஞ்சினியர்ஸ் படையின் கேப்டன் காட்டன் அங்கே யூகலிப்டஸை நட்டார். சோலைக்காடுகள் விறகுக்காகக் கரைந்துகொண்டிருந்ததால், 1856 முதல் புளூ கம் மரத்தைத் தோப்புத் தோப்பாகவே போட்டார்கள். எனக்குப் புதிதாகத் தெரிந்தது இந்தப் பக்கத்துக் கதை. யூகலிப்டஸ் எண்ணெயை வியாபாரமாகக் காய்ச்சத் தொடங்கியவர் ஜோசப் பொசிஸ்டோ என்ற மருந்துக்கடைக்காரர். 1850-களில் அவர் வடிகலன் அமைத்த இடம் டாண்டினாங் சிற்றாறு. அதே பெயர்கொண்ட டாண்டினாங் ஊருக்குத்தான் நாங்கள் வாரக்கடைசியில் முருங்கைக்காய் வாங்கப் போகிறோம். பொசிஸ்டோவைத் தூண்டியவர் ஃபெர்டினாண்ட் ஃபான் முல்லர். மெல்பர்ன் தாவரவியல் பூங்காவை 1857 முதல் 1873 வரை நடத்தியவர், உலகெங்கும் யூகலிப்டஸ் விதை அனுப்பியவர். ரெக்னன்ஸ், அதாவது ஆளும் மரம், என்று பெயர் வைத்தவரும் அவரே.

மற்றொன்றான ஆப்ளிக்வா இன்னும் மூத்தது. கேப்டன் குக்கின் மூன்றாம் கடற்பயணத்தில், 1777-இல், டாஸ்மேனியாவின் புரூனி தீவில் தாவரம் சேகரிக்க வந்த டேவிட் நெல்சன் பறித்த கிளையை வைத்துத்தான் யூகலிப்டஸ் என்ற பேரினத்துக்கே பெயர் வந்தது. விக்கிரமாதித்தன் கதைபோல ஒன்றுக்குள் ஒன்று போய்க்கொண்டே இருக்கிறது.

மெல்பர்னுக்குக் கிழக்கே இருக்கும் ஷெர்புரூக் காட்டுக்குப் போய் ரெக்னன்ஸை நேரில் பார்த்தேன். டாஸ்மேனியாவில் இந்த இனத்தில் ஒன்று நூறு மீட்டர் உயரத்தை எட்டியிருக்கிறது; பூக்கும் தாவரங்களில் மிக உயரமானவற்றில் இதுவும் ஒன்று. ஆனால் கடும் நெருப்புப் பட்டால் பெரும்பாலும் செத்துவிடும். மற்ற பல கம் மரங்கள்போலக் கருகிய உடலிலிருந்து துளிர்க்காது. சாம்பலில் விழும் விதைதான் மறுபடி காடாகவேண்டும். 1939 ஜனவரி 13, கருப்பு வெள்ளி. அந்தக் கோடையில் விக்டோரியாவில் 71 பேர் தீயில் இறந்தார்கள். மலைக்காடுகள் பெருமளவு எரிந்தன. இன்றுள்ள ஆஷ் காடுகளில் பெரும்பங்கு அந்தச் சாம்பலில் முளைத்தவை.

இந்த மரத்தைத் தரைக்குப் பழக்கியதும் லேசில் நடக்கவில்லை. உலர்த்தும்போது உள்ளே செல்கள் நசுங்கி, பலகை சுருங்கிக் கோணிவிடும். நீராவியில் வேகவைத்தால் நசுங்கியவை நிமிர்கின்றன என்று இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கண்டுகொண்ட பிறகே ஆலைகளுக்குத் தைரியம் வந்தது.

சரி, புது அறைக்கு என்ன போடுவது? உள்ளூர் மரத்துக்கு உள்ளூர் மரம் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் விக்டோரியாவின் அரசுக் காடுகளில் இயற்கை மரம் வெட்டுவது 2024 ஜனவரி 1 முதல் நின்றுவிட்டது. அதை நான் குறைசொல்லமாட்டேன். லெட்பீட்டர்ஸ் பாசம் என்ற, மாநிலத்துக்கே சின்னமான சிறு விலங்கு அந்தக் கிழட்டு மரப்பொந்துகளை நம்பித்தான் வாழ்கிறது. ஆனால் பலகை இப்போது டாஸ்மேனியாவிலிருந்து வரவேண்டும். இல்லையென்றால் அமெரிக்காவிலிருந்து ஓக் வரவேண்டும். ஏஜென்டின் ஒரு வரி தாமதமாக நிஜமாகிறதோ என்று தோன்றியது.

ரெட் ஓக்கைத் தாழ்த்திப் பேசுவது இங்கே ஒரு ஃபேஷன். எனக்கு அதில் உடன்பாடில்லை. சின்ன எஃகு உருண்டையை மரத்தில் பாதி புதையும்வரை அழுத்தத் தேவையான விசைதான் ஜான்கா கடினம். ரெட் ஓக் சுமார் 5.7 கிலோநியூட்டன், டாஸ்மேனியன் ஓக் சுமார் 5.5. கிட்டத்தட்ட ஒன்றுதான். ஸ்பாட்டட் கம் 11 என்பதைப் பார்த்து மயங்குபவர்கள் வீட்டுக்குள் குதிரை கட்டப்போகிறார்களா என்று கேட்கவேண்டும். ரெட் ஓக்கின் தொல்லை வேறு: திறந்த துளைகள் சாயத்தை உறிஞ்சி, வரிகள் அளவுக்குமேல் கறுத்து நிற்கும். சாயம் போடாமல் அதன் இளஞ்சிவப்போடு விட்டால் அழகு. கிளைட் பக்கம் ஸ்லாபில் எழும் புது வீடுகளுக்கு, ஒட்டுப்பலகைமேல் ஓக் மேற்தகடு பதித்த எஞ்சினியர்டு பலகை பொருந்தும். ஸ்லாபின் ஈரத்தைக் கருவி வைத்து அளக்காமல் மட்டும் ஒட்டக்கூடாது.

எங்களுக்கோ சேரவேண்டியது பழைய பலகையோடு. அதனால் இடித்த வீடுகளின் மரம் விற்கும் யார்டில் அதே அகலத்தில் பழைய ஆஷ் பலகைகளைப் பொறுக்கினேன். அண்ணை அவற்றை உடனே பதிக்க விடவில்லை. வீட்டின் காற்றுக்குப் பழகட்டும் என்று இடையிடையே குச்சி வைத்து ஹாலில் அடுக்கச் சொன்னார். பாலிஷிலும் எச்சரித்தார்: சில வார்னிஷ்கள் இடுக்கில் இறங்கி, பலகைகளை ஒன்றோடொன்று ஒட்டிவிடும். குளிர்காலத்தில் ஹீட்டர் காற்றை உலர்த்தும்போது, எல்லா இடுக்கும் கொஞ்சம் கொஞ்சம் விரிவதற்குப் பதில், ஏழெட்டுப் பலகை ஒரே பாளமாக இழுத்துக்கொண்டு ஓரிடத்தில் பெரிதாகப் பிளக்கும். அப்படி ஒட்டாத வகையைத்தான் அவர் போட்டார்.

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை, பகை யார் என்று தெரிந்தால் போதும். கிரான்பர்னில் முதல் பகை மணல். இங்குள்ள தாவரவியல் பூங்காவின் ஆஸ்திரேலியத் தோட்டமே பழைய மணல் குவாரியில் எழுந்ததுதான். செருப்படியில் வரும் அந்த மணல் பாலிஷை உப்புத்தாள்போல அராவும். வாசலில் உள்ளும் புறமும் மிதியடி, தினம் மென்மையான துடைப்பம். இரண்டாவது பகை தண்ணீர். வெள்ளிக்கிழமை வாளி கவிழ்த்து வீடு கழுவும் வழக்கத்தை விடச்செய்ய அம்மாவிடம் நீண்ட பேச்சுவார்த்தை தேவைப்பட்டது. நன்றாகப் பிழிந்த துணி போதும். நீராவித் துடைப்பான் கூடவே கூடாது. மஞ்சள் கறைக்குப் பதறவேண்டாம், வெயில் பட்டால் வெளுத்துவிடும். ஆனால் பாலிஷ் தேய்ந்த இடத்தில் ஈர இரும்புச் சட்டியை வைத்தால், மரத்தின் துவர்ப்போடு இரும்பு சேர்ந்து மைபோல் கறுக்கும், லேசில் போகாது.

யார்டில் வாங்கிய பலகைகளிலும் அதே வேதியியல்தான். பழைய ஆணித் துளை ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு கறுப்பு வளையம். வளையத்தை அப்படியே விட்டு, துளையை மட்டும் மரத்தின் நிறத்தில் அடைக்கலாம் என்கிறார் அண்ணை. அம்மா வளையமே தெரியக்கூடாது, அந்தப் பலகைகளைச் சோபாவுக்கு அடியில் போடு என்கிறார். சோபாவோ சின்னது.