நோட்டீஸ் வடிவமைப்பும் ஓர் அமானிதமே

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை வட்டாரத்தில் வாழும் நம் சகோதரர்கள் பலர், இரவு பகலாக ஷிஃப்டு முறையில் இயங்கும் தொழிற்சாலைகளில் பணிபுரிகிறார்கள். பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையை நின்று வாசிக்கும் அவகாசம் அவர்களுக்குக் குறைவு. கம்பெனிப் பேருந்தில் அமர்ந்தபடி, வாட்ஸ்அப்பில் வந்த படத்தைச் சில நொடிகள் பார்ப்பதோடு சரி. ஜனாஸா தொழுகையின் நேரம் அந்தப் படத்தின் கீழ்மூலையில் சிற்றெழுத்தில் ஒளிந்திருந்தால், அந்த மையித்தின் இறுதிப் பயணத்தில் பங்கெடுக்கும் வாய்ப்பு அவருக்குத் தவறிவிடும்.

இத்தகைய அறிவிப்புகளை இன்று கைப்பேசியில், கேன்வா போன்ற செயலிகளில் தயாரிப்பவர்கள் பெரும்பாலும் நம் பிள்ளைகளே. மத்ரஸாவின் மேல்வகுப்பு மாணவர்களுக்கு நாம் வலியுறுத்தி வரும் சில அடிப்படைகளைப் பெற்றோரும் அறிந்திருப்பது நலம்.

எது முதன்மையானது?

செயலியைத் திறக்கும் முன் ஒரு தாளை எடுத்து, வாசிப்பவருக்குத் தேவையானவற்றை வரிசைப்படுத்த வேண்டும். ஜனாஸா அறிவிப்பெனில் யார், எப்போது, எங்கே என்ற மூன்றும் பெரிய எழுத்தில் அமைய வேண்டும். மினாரா படமும் நிர்வாகிகளின் பெயர்ப் பட்டியலும் பாதி இடத்தை அடைத்துக்கொண்டால், அறிவிப்பின் நோக்கம் பின்தள்ளப்படுகிறது. பீகார், வங்காளம், ஒடிசாவிலிருந்து வந்து நம்மோடு ஸஃப்பில் நிற்போருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. ஜும்ஆ நேரத்தை எண்களில் பெரிதாக இட்டு, இந்தியிலோ உருதுவிலோ ஒரு வரி சேர்த்தால் அவர்களும் அறிந்துகொள்வார்கள்.

வரிசையும் இடைவெளியும்

மதீனா முஸ்ஹஃபை எடுத்துப் பாருங்கள். 604 பக்கங்கள், பக்கத்திற்குப் பொதுவாக 15 வரிகள், ஒவ்வொரு பக்கமும் ஓர் ஆயத்து நிறைவுபெறும் இடத்திலேயே முடிகிறது. இந்த ஒழுங்கினால்தான் ஹிஃப்ழு மாணவர், ஓர் ஆயத்து எந்தப் பக்கத்தில் எந்த இடத்தில் உள்ளது என்பதையும் சேர்த்தே நினைவில் நிறுத்துகிறார். நம் நோட்டீஸிலும் வரிகள் ஒரே ஓரத்தில் தொடங்கட்டும். தொடர்புடைய செய்திகள் அருகருகே இருக்கட்டும். சுற்றிலும் வெற்றிடம் இருக்கட்டும். வெற்றிடம் வீணன்று; அது கண்ணுக்கு இளைப்பாறுதல்.

எழுத்தின் அளவு

கி.பி. 940இல் மறைந்த பக்தாதின் இப்னு முக்லா, எழுதுகோலின் முனை பதிக்கும் சாய்சதுரப் புள்ளியையே அளவுகோலாகக் கொண்டு அரபு எழுத்துகளின் விகிதங்களை வகுத்தார். எழுத்தழகு அளவிலிருந்து பிறக்கிறது என்பதே அதன் பாடம். படத்தில் இடம் போதவில்லையென எழுத்தை நசுக்குவதும் இழுப்பதும் அவ்விகிதத்தைக் குலைக்கும். சொற்களைக் குறைப்பதே முறை. ஓர் அறிவிப்புக்கு இரண்டு எழுத்துருக்கள் போதும். தமிழில் ‘ன’வுக்கும் ‘ண’வுக்கும் வேறுபாடு ஒரு சுழியே. மிகத் தடித்த எழுத்துருவைச் சிறிய அளவில் இட்டால் சுழிகள் அடைபட்டு இரண்டும் ஒன்றாகிவிடும்.

நிறத்திலும் கவனம் தேவை. வெள்ளைப் பின்னணியில் தங்க நிற எழுத்து கணினித் திரையில் அழகாகத் தோன்றலாம்; வெயிலில் கைப்பேசியைப் பார்ப்பவருக்கு அது தெரியாது. வெளிர் பின்னணியில் அடர்நிற எழுத்தே பாதுகாப்பானது.

இறைவசனம் இடம்பெறும்போது

இங்குதான் பொறுப்பு மிகக் கனமானது. அரபு எழுத்து வலமிருந்து இடமாகச் செல்வது. சொல்லில் நிற்கும் இடத்திற்கேற்ப வடிவம் மாறி இணைவது. அதற்கான வசதி இல்லாத மென்பொருளில் ஒட்டினால் எழுத்துகள் தனித்தனியே பிரிந்து, வரிசையும் தலைகீழாகிவிடும். தமிழிலும் இதுபோல் கொம்பும் காலும் இடம் மாறி நிற்பதைக் காணலாம். ஃபோட்டோஷாப்பின் சில பதிப்புகளில் ‘வேர்ல்டு-ரெடி லேஅவுட்’ என்ற அமைப்பைத் தெரிவு செய்தால்தான் இவை முறையாக இணையும். அச்சுக்கு அனுப்பும் முன் முஸ்ஹஃபோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டு, ஓர் ஆலிமிடமும் காட்டுவது கட்டாயம். தெருவில் விழுந்து மிதிபடக்கூடிய துண்டுப் பிரசுரமெனில், அத்தியாயம், வசன எண் ஆகியவற்றை மட்டும் குறிப்பிடுவதே பேணுதல்.

இறுதியாக ஓர் எளிய சோதனை. முடித்த படத்தை வீட்டிலுள்ள ஒருவரிடம் ஐந்து நொடிகள் காட்டி மறைத்துவிட்டு, “தொழுகை எத்தனை மணிக்கு?” என்று கேளுங்கள். விடை வராவிட்டால் மீண்டும் அமர்ந்து திருத்த வேண்டும். எந்தச் செயலையும் செம்மையாகச் செய்யும் இஹ்ஸான், கைப்பேசித் திரையில் செய்யும் சிறு பணிக்கும் பொருந்தும்.

செய்தியை உரியவரிடம் தெளிவாகச் சேர்க்கும் இந்த அமானிதத்தை நிறைவேற்ற நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் அல்லாஹ் அருள்புரிவானாக. ஆமீன்.